ஐபி மேசைத் தொலைபேசிக் கோளாறு: நிலைப் பக்கமா, லாக் கோப்பா?

மண்ணடியில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் குரல் விட்டுவிட்டுக் கேட்பதாகச் சொன்னபோது, பேச்சு நடக்கையிலேயே அந்த ஐபி தொலைபேசியின் (கணினி வலையமைப்பு வழியாகப் பேசும் தொலைபேசி) நிலைப் பக்கத்தை, அதாவது அதன் அப்போதைய நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். இழந்த பாக்கெட்டுகளின் (குரலைச் சுமந்துவரும் தரவுத் துண்டுகள்) எண்ணிக்கை கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது, மேசைக்காலடியில் நசுங்கிக் கிடந்த கேபிளை மாற்றியதும் நின்றது. குரல் தரத்துக்கு இதுவே விரைவான வழி.

ஆனால் இரவில் சர்வர் இணைப்பு அறுந்து, காலையில் தானே சரியாகிவிடும் தொலைபேசிக்கு, நடந்ததை நேரத்தோடு பதிந்துவைக்கும் லாக் கோப்புதான் வேண்டும். அதில் சர்வரின் பதில் எண்ணாக 401 வருவது அடையாளச் சரிபார்ப்பின் வழக்கமான படி, பதறத் தேவையில்லை. 403 என்றால் சர்வர் மறுக்கிறது; 408 என்றால் உரிய நேரத்தில் பதில் இல்லை. பல கருவிகளில் மறுதொடக்கம் செய்தாலே லாக் அழிந்துவிடும் என்பதால், அதை 514ஆம் போர்ட் (லாக் பதிவுகளை அனுப்ப வழக்கமாகப் பயன்படும் வலையமைப்பு வாயில்) வழியாக வேறொரு கணினியில் சேமிப்பதையே வலியுறுத்துவேன். லாக்கில் பதியும் நேரம் சரியாக இருக்க, அதற்குமுன் தொலைபேசியின் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.