எஸ்டபிள்யூஐ புரோலாக்: வேலை அட்டவணை போட எனக்குப் பிடித்த கருவி

எந்த வேலை எதற்குப் பின், எந்த இரண்டு ஒரே இயந்திரத்தைக் கேட்கின்றன என்று விதிகளை மட்டும் எழுதினால் போதும்; வரிசையை அதுவே தேடித் தருகிறது. விதிகளை எழுதி விடை தேடவைக்கும் புரோலாக் என்ற நிரல் மொழியை இயக்கும், 1987 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள் இது.

முழு எண்களின் மீதான நிபந்தனைகளைக் கையாளும் இதன் சிஎல்பி(எஃப்டி) நூலகத்துக்காகவே பரிந்துரைப்பேன். 'முதல் வேலையின் தொடக்கம் கூட்டல் 3, இரண்டாவதன் தொடக்கத்தைத் தாண்டக்கூடாது' என்று ஒரு வரி சேர்த்தால், தேடல் தொடங்கும் முன்பே இரண்டு வேலைகளின் நேர எல்லைகளும் சுருங்கிவிடுகின்றன. அதைத் திரையில் பார்ப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆள்பலம், இயந்திரம் போன்ற வள வரம்புக்கு 'குமுலேட்டிவ்' (cumulative) என்ற நிபந்தனை இருக்கிறது. மதிப்புகளைத் தேடித் தரும் 'லேபிளிங்' (labeling) கட்டளையில், முடியும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி 'மின்(முடிவு நேரம்)' (min) என்று கொடுத்தால் சீக்கிரம் முடியும் அட்டவணை முதலில் வரும்.

வேலைகள் பெருகினால் தேடல் வெகுவாக நீளும். குறைந்த வாய்ப்புகளே உள்ள மாறியை முதலில் எடுக்கும் 'எஃப்எஃப்' (ff) என்ற லேபிளிங் தெரிவு ஓரளவு உதவும். நூற்றுக்கணக்கான வேலைகளா? தனி அட்டவணைத் தீர்வியைத் தேடுங்கள்.