ஓட்ஸும் என் எடையும்: ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம்

ஓட்ஸ் சாப்பிட்டால் எடை குறையுமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுவது வழக்கம். சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது, அதே 100 கிராம் ஓட்ஸில் 380 பக்கம் வரும். எடைக்கு எடை பார்த்தால் ஓட்ஸ்தான் அதிகம். அதனால் சோற்றை விட்டு ஓட்ஸுக்கு மாறினாலே உடம்பு இளைத்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனாலும் ஒன்றரை வருஷத்தில் நான் 81 கிலோவிலிருந்து 72க்கு வந்திருக்கிறேன், அதில் ஓட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும், ஃபிரிட்ஜில் மாவு இருக்கும், அப்புறம் ராத்திரிக்கு என்ன என்ற கேள்விக்கே இடமில்லை, தோசைதான். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் அடுப்படியில் நின்றபடியே நான் சாப்பிடுவேன். பையன் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனது, ஓரம் தீய்ந்து யாருக்கும் வேண்டாமென்று ஒதுங்கியது, மாவு இன்னும் கொஞ்சம்தானே இருக்கிறது என்று ஊற்றியது, எல்லாம் சேர்த்து எத்தனை என்று எனக்கே தெரியாது, தேங்காய்ச் சட்னியும் கணக்கில்லாமல் போகும். அந்த இடத்தில்தான் ஓட்ஸை வைத்தேன். அரை கப், அதாவது 40 கிராம், 150 கலோரி சொச்சம். காய்ச்சினால் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வரும், குடித்து முடித்தால் முடிந்தது, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஊற்றிக்கொள்ள வழி கிடையாது. என் எடை குறைந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான், அளவு என்று ஒன்று வந்தது.

மீதிப் பாதி, பசி தாங்குவது. ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது, கஞ்சி ஆறும்போது கொழகொழவென்று ஆகிறதே, அதற்கு அதுவும் ஒரு காரணம். வயிற்றிலும் அது அப்படித்தான் கெட்டிப்பட்டு மெதுவாக இறங்குகிறது. ஆனால் வெறும் ஓட்ஸும் பாலும் சர்க்கரையும் என்று குடித்த நாட்களில் பத்து மணிக்கே பிஸ்கட் டப்பாவைத் தேடியிருக்கிறேன். கூட ஒரு முட்டையோ ஒரு கை வேகவைத்த பாசிப்பயறோ இருந்தால் காலை வரைக்கும் நிற்கும்.

நான் செய்வது உப்புக் கஞ்சிதான், இனிப்புப் பக்கமே போவதில்லை. ஒரு சொட்டு நல்லெண்ணெயில் சீரகம், நசுக்கிய மிளகு, நாலு பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் வதக்கி, இரண்டரை கப் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் ஓட்ஸைத் தூவ வேண்டும். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், நுரைத்துக்கொண்டு மேலே வரும், அந்தப் பக்கம் திரும்பி மிக்ஸியைக் கழுவுவதற்குள் அடுப்பெல்லாம் வழிந்திருக்கும். பாதி வெந்ததும் உருவிய முருங்கைக்கீரை, இறக்கும்போது உப்பு. கொஞ்சம் ஆறிய பிறகு மோர் ஊற்றிக் கலந்தால்தான் எனக்கு இறங்கும். உடனே குடித்துவிடுங்கள், போன் பேசிவிட்டு வரலாம் என்று வைத்தால் களி மாதிரி இறுகிவிடும், வெந்நீர் விட்டுக் கரைத்தாலும் பழைய ருசி வராது.

என் மாமியார் முதல் வாரத்தில் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காய்ச்சலா?" என்றார். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர், அவருக்கு இது கூழும் இல்லை கஞ்சியும் இல்லை. நியாயம்தான். கம்பை ஊறவைத்து இடித்துக் காய்ச்ச நேரமும் ஆளும் இருக்கிற வீட்டில் ஓட்ஸ் அவசியமே இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஏழரைக்கு வந்து எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டிய என் போன்றவர்களுக்கு இது பத்து நிமிஷ வேலை, அவ்வளவுதான் இதன் பெருமை.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று வாரம் வயிறு உப்பிக்கொண்டது, கேஸ் தொல்லை. திடீரென்று நார்ச்சத்து கூடினால் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கலே வந்துவிடும். கால் கப்பில் தொடங்கி மெல்லக் கூட்டியிருந்தால் சுலபம்.

கடையில் வகை வகையாக இருக்கிறது. இன்ஸ்டன்ட் என்பது மெலிதாகத் தட்டி முன்கூட்டியே வேகவைத்தது, இரண்டு நிமிஷத்தில் கூழாகும், சர்க்கரையையும் சீக்கிரம் ஏற்றும். ரோல்டு ஓட்ஸ் என்று போட்டிருக்கும் தடித்த அவல் மாதிரி இருப்பதுதான் என் தேர்வு. ஸ்டீல் கட் என்பது நொய் மாதிரி வெட்டியது, வேக அரை மணி நேரம் ஆகும், ஞாயிற்றுக்கிழமை பாசிப்பருப்பு சேர்த்துக் குக்கரில் பொங்கல் வைக்க அருமையாக இருக்கும், ஆனால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை விசிலை அடைக்கும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டைப் பற்றி ஒரே வார்த்தை: பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும், ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேன், பழம் என்று படம் போட்டதில் சர்க்கரையைப் பாருங்கள்.

ஓட்ஸ் தோசை, ஓட்ஸ் இட்லி எல்லாம் செய்து பார்த்தாயிற்று. தோசைக்கு ஓட்ஸ் பொடியோடு அரிசி மாவும் ரவையும் சேர்த்தால்தான் கல்லை விட்டு எழும்புகிறது, எண்ணெயும் தாராளமாகக் கேட்கிறது. அதற்குச் சாதாரண தோசையையே இரண்டு என்று எண்ணிச் சாப்பிட்டுவிடலாம்.

எடை ஒரே வேகத்தில் இறங்கவில்லை. முதல் ஆறு மாதம் நன்றாக இறங்கியது, அப்புறம் தீபாவளி, பொங்கல், நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று 74இல் வெகு நாள் நின்றது. மதியச் சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டி, சாயங்காலம் நடக்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடி நகர்ந்தது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் எடையும் குறைந்திருப்பதால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. ஓட்ஸ் கொழுப்பைக் குறைக்க உதவும் என்று அமெரிக்காவில் 1997 முதல் பாக்கெட்டில் போட அனுமதி உண்டு, அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் கணக்கு, என் அரை கப்பில் அதில் பாதிதான் தேறும்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் காலையில் மாத்திரையை விழுங்கிய கையோடு ஓட்ஸ் குடிக்க வேண்டாம், நார்ச்சத்து மருந்து சேர்வதைக் குறைக்கலாம், எவ்வளவு இடைவெளி என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் சாப்பாட்டை மாற்றும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. அப்புறம், தள்ளுபடி என்று பெரிய பாக்கெட்டாக வாங்கி அடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு முறை பிரித்து வைத்தால் வண்டு வந்துவிடுகிறது, நான் இப்போது அரைக் கிலோவாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே.