நூற்றெட்டுப் படியும் நிற்காமல்: செம்பூரில் ஒரு ஜிம், ஒன்பது மாத அனுபவம்

மும்பையில் செம்பூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. இந்த ஜிம்மில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. எனக்கு வயது 59.

உடம்பு மெலிய வேண்டும் என்று நான் போகவில்லை. போன ஆடிக் கிருத்திகையன்று சேடா நகர் முருகன் கோவிலில், 108 படிகளில் எழுபதாவது படியருகே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முன்னால் ஏறிப்போன பேத்தி திரும்பி இறங்கி வந்து, "ஆச்சி, நீ இங்கேயே இரு. நான் திருநீறு வாங்கி வருகிறேன்" என்றாள். அந்தத் திருநீற்றைப் பூசிக்கொண்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த வாரமே இங்கே வந்து பணம் கட்டினேன்.

பயிற்சியாளர் ஒரு மராத்திப் பெண். என்னைக் 'காகூ' (மராத்தியில் சித்தி) என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாள், எடை பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளை நீட்டி, முன்பு செய்துகொண்டிருந்து இப்போது விட்டுப்போன மூன்று காரியங்களை எழுதச் சொன்னாள். கோவில் படி ஏறுவது. பஜனையில் தரையில் உட்கார்ந்தால் பிறர் கையைப் பிடிக்காமல் எழுவது. தாதரில் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குக் கிளம்பும்போது பெட்டியை நானே ரயிலில் ஏற்றுவது. என்ன பயிற்சி செய்தாலும் அது இந்த மூன்றில் எதற்கு என்று இன்றுவரை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள். இந்த ஜிம்மின் பெரிய பலம் இதுதான்.

படிக்கு ஒரு மரப்பெட்டி. முதல் மாதம் அரையடி உயரம். முழுப் பாதமும் பதியும்படி ஒரு காலை மேலே வைத்து, குதிகாலை அழுத்தி எழ வேண்டும். கீழே இருக்கும் காலால் உந்தக் கூடாது. அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் பின்னங்கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். விரல் லேசாக உந்தினாலும் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டாள். இறங்கும்போது மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்க வேண்டும். படி இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அது தளர்ந்திருந்தால் பாரம் முட்டியில் விழும். ஏறுவதைவிட இறங்குவதில் எனக்கு ஏன் அதிகம் வலித்தது என்பது அப்போதுதான் புரிந்தது. ரயிலில் ஏற்றும் பெட்டிக்காக, இரண்டு கையிலும் எடையைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து சன்னல் வரை நடக்க வேண்டும். கைக்கு 4 கிலோவில் ஆரம்பித்து இப்போது 8 கிலோவுக்கு வந்திருக்கிறேன்.

டயமண்ட் கார்டன் பூங்காவில் இருபது வருடம் தவறாமல் நடந்தவள் நான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது பாதியை எனக்கு யாருமே சொன்னதில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு "தினமும் நடங்கள்" என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

ஜனவரியில் எலிஃபண்டா தீவின் குகைக் கோவிலுக்குப் போனோம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம். பிறகு இருபுறமும் கடைகள் நெருக்கும் 120 படிகள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் டோலியில்தான் மேலே போனேன். குகைக்குள் நின்றபோதும் நினைப்பெல்லாம் எப்படி இறங்குவது என்பதிலேயே இருந்தது. இந்த முறை பேத்தியோடு பேசிக்கொண்டே ஏறினேன். மும்முகச் சிவன் சுமார் 20 அடி உயரம். மீசையோடு உக்கிரமாக ஒரு முகம், தாமரை மொட்டு ஏந்திப் பெண்மை ததும்ப இன்னொரு முகம், நடுவில் கண் மூடிய அமைதி. அரைமணி நேரம் நின்றே பார்த்தேன். கால் நினைவு ஒருமுறைகூட வரவில்லை. தைப்பூசத்தன்று 108 படியையும் நிற்காமல் ஏறினேன். அன்று பேத்திக்கு நான் திருநீறு பூசிவிட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. லிஃப்ட் கிடையாது, முட்டிவலியோடு முதன்முதலாக வருகிறவர்களுக்கு அந்த இரண்டு மாடியே பெரும் சோதனை. மழைக்காலத்தில் ரப்பர் விரிப்புகள் காயாமல் வாடை அடித்தன. சொன்ன பிறகுதான் மின்விசிறி வைத்தார்கள். பெண்கள் உடை மாற்ற ஒரே அறை. மாலையில் பாட்டுச் சத்தத்தில் பயிற்சியாளர் சொல்வது காதில் விழாது. மூன்று மாதத்துக்கு 5,400 ரூபாய் கட்டுகிறேன். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டும்படி வரவேற்பில் விடாமல் வற்புறுத்துவார்கள். சம்மதிக்காதீர்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பஜனையில் எழுவதற்கு இன்னும் ஒரு கையை ஊன்றுகிறேன், ஆனால் என் கையைத்தான்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்குக் காலை பதினொரு மணிக்கு மேல் நல்ல நேரம், கூட்டம் இருக்காது. அந்தப் பெண் தாளை நீட்டும்போது எடையைப் பற்றி எழுதாதீர்கள். எது விட்டுப்போயிற்று என்று யோசித்து அதை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.