கொடி ஸ்டாம்ப் சேர்க்க எங்கே தொடங்கலாம்? 1947 இந்தியா, 1943 அமெரிக்கா, 1980 ஐ.நா.: ஓர் ஒப்பீடு

தேசியக் கொடி போட்ட ஸ்டாம்ப் வெளியிடாத நாடு அநேகமாக இருக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஆல்பம் சீக்கிரம் நிறைந்துவிடும். ஆனால் அதைத் திறந்து பார்க்கிறவருக்கு எதுவும் பிடிபடாது. அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். நம் ஊரில் பெரிய சிரமமில்லாமல் தேடிப் பிடிக்கக்கூடிய மூன்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் இதுதான்: அந்தக் கொடியை அந்த நேரத்தில் ஏன் அச்சிட்டார்கள்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் உள்ள ஸ்டாம்ப்புக்கே ஆல்பத்தில் முதல் இடம்.

முதலில் நம்முடையது. சுதந்திர இந்தியாவின் முதல் ஸ்டாம்ப்பே கொடி ஸ்டாம்ப்தான்: 3½ அணா, வெளியான நாள் 1947 நவம்பர் 21. பறக்கும் மூவர்ணம், தேவநாகரியில் ‘ஜெய் ஹிந்த்’, கூடவே 1947 ஆகஸ்ட் 15 என்ற தேதி. அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது அந்த ஆண்டு ஜூலை 22. நான்கே மாதத்தில் அது நாசிக் அச்சகத்தில் லித்தோ என்ற சமதள அச்சு முறையில் அச்சாகி வெளியே வந்துவிட்டது. இந்த 3½ அணா வெளிநாட்டுக் கடிதங்களுக்கானது. அசோகத் தூண் சிங்கங்கள் போட்ட, உள்நாட்டுக்கான 1½ அணாவும், விமான அஞ்சலுக்கான 12 அணாவும் டிசம்பர் 15 அன்றுதான் வந்தன. நாட்டுக்குள் ஓடிய கடிதங்களில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும்போதே, கடல் கடந்த கடிதங்களில் மூவர்ணம் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே உறையில் ஒட்டப்பட்டு முறையாகத் தபாலில் போனது கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஸ்டாம்ப்பில் ஆகஸ்ட் 15 என்று இருப்பதால் அதே தேதி முத்திரையுடன் ஒரு உறையை யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். அன்று இந்த ஸ்டாம்ப் பிறக்கவே இல்லை. முதல்நாள் முத்திரை என்றால் அது நவம்பர் 21 ஆகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதில் உள்ள மைகள் ஆரஞ்சு-சிவப்பு, நீலம், பச்சை மூன்றே. கொடியின் நடுவிலுள்ள வெள்ளைப் பட்டை, மை படாத வெறும் காகிதம். காகிதம் பழுப்பேறினால் கொடியின் வெள்ளையும் சேர்ந்து பழுப்பாகிவிடும். சென்னை மாதிரி கடலோர ஈரத்தில் இது சீக்கிரமே நடக்கும். தபாலில் போகாத, பசை உள்ள மின்ட் பிரதிக்கு அதிக விலை கொடுப்பதைவிட, தபாலில் போய்வந்தாலும் பட்டை பளிச்சென்று இருக்கும் நல்ல யூஸ்டு பிரதியே எனக்குப் பிடிக்கும்.

இதோடு ஒரு இலங்கை ஸ்டாம்ப்பையும் வைக்க வேண்டும். சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு 1949 பிப்ரவரி 4 அன்று சிலோன் வெளியிட்ட 4 சதம் ஸ்டாம்ப்பில் இருப்பது சிங்கக் கொடி மட்டும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமான ஆரஞ்சு, பச்சைப் பட்டைகள் கொடியில் சேர்ந்தது 1951-இல். ஐ.நா. 1981-இல் வெளியிட்ட இலங்கைக் கொடி ஸ்டாம்ப்பில் பட்டைகள் உண்டு, 1972-இல் சேர்ந்த அரசமர இலைகளும் உண்டு. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, கீழே ஆண்டை மட்டும் எழுதி வையுங்கள். ஒரு நாட்டில் யார் எப்போது கணக்கில் வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பது அந்தப் பக்கத்தில் தெரியும். ஒரு தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமான கொடிப் பக்கம் இருக்க முடியாது.

அடுத்தது, நான் மனசாரப் பரிந்துரைக்கும் வரிசை. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் பிடித்துவைத்திருந்த நாடுகளின் கொடிகளை அமெரிக்கா 1943, 1944-இல் 13 ஸ்டாம்ப்புகளாக வெளியிட்டது. ஒவ்வொன்றும் 5 சென்ட். 1943 ஜூன் 22-இல் போலந்தோடு தொடங்கி, 1944 நவம்பர் 2-இல் கொரியாவோடு முடிந்தது. இடையில் செக்கோஸ்லோவாக்கியா, நார்வே, லக்சம்பர்க், நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், கிரீஸ், யூகோஸ்லாவியா, அல்பேனியா, ஆஸ்திரியா, டென்மார்க். யோசனை ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுடையது. அவரே தீவிர ஸ்டாம்ப் சேகரிப்பாளர். 5 சென்ட் என்பது அன்று அமெரிக்காவிலிருந்து கப்பல் வழியாக வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தின் கட்டணம். நம் 3½ அணாவைப் போலவே இதுவும் நாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்று அச்சிட்ட கொடி.

இதன் அச்சு வேலை அருமையானது. அமெரிக்க அரசு அச்சகத்தால் இத்தனை வண்ணங்களைக் கையாள முடியாததால் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியிடம் வேலை போனது. கொடியைச் சுற்றியுள்ள சட்டகம் செதுக்கல் முறை, அதாவது உலோகத் தகட்டில் கோடு வெட்டி அச்சிட்டது. உள்ளே கொடி ஆஃப்செட். ஸ்டாம்ப்பை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். இடப்பக்கம் சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையும், வலப்பக்கம் சங்கிலியை உடைக்கும் பெண்ணும் மேடாக நிற்கும் கோடுகளாகத் தெரிவார்கள். நடுவில் கொடி மட்டும் மழமழவென்று சமதளமாக இருக்கும். ஷீட்டின் மேல் ஓரத்தில் வழக்கமான பிளேட் எண்ணுக்கு (அச்சுத் தகட்டின் எண்) பதிலாக நாட்டின் பெயரை அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரோடு பிரிக்காமல் சேர்ந்திருக்கும் நான்கு ஸ்டாம்ப் பிளாக்குக்குத் தனி மவுசு. கொரியா ஸ்டாம்ப்பில் ஆங்கிலப் பெயரின் நான்காவது எழுத்து சிதைந்து ‘கோர்ப்பா’ (KORPA) என்று படிக்கும்படியான ஒரு பிளேட் பிழையும் உண்டு. ஷீட் பார்க்கக் கிடைத்தால் அதைத் தேடுங்கள்.

கொரியாவை ஜப்பான் இணைத்துக்கொண்டது 1910-இல். இந்த ஸ்டாம்ப் வந்தபோது அந்தக் கொடி சொந்த மண்ணில் பறக்க வழியில்லாமல் 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. வரிசையில் இல்லாதவர்களையும் கவனிக்க வேண்டும். எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் இதில் கிடையாது. 1940-இல் அவற்றை முதலில் விழுங்கியது சோவியத் ஒன்றியம். 1943-இல் அதே சோவியத் அமெரிக்காவின் கூட்டாளி. என் அளவுகோலில் இந்த வரிசைக்கு நிகர் இல்லை.

ஐ.நா. வரிசை முற்றிலும் வேறு மாதிரி. 1980-இல் தொடங்கி ஆண்டுக்கு 16 கொடிகள். ஒரு ஷீட்டில் நான்கு நாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஸ்டாம்ப். முதல் ஆண்டில் துருக்கி, லக்சம்பர்க், பிஜி, வியட்நாம் என்று ஆரம்பித்தார்கள். எல்லாக் கொடிக்கும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. பெரிய நாடு, சிறிய நாடு என்ற பேதமில்லாத அந்தச் சமத்துவம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் சலிப்பு வந்துவிடும். இன்னொரு குறை பெரியது. இந்த ஸ்டாம்ப்பை ஐ.நா. அஞ்சலகத்தில் போடும் கடிதத்தில் மட்டுமே ஒட்ட முடியும். நியூயார்க் தலைமையகத்துக்குப் போய் யாராவது கடிதம் போட்டால்தான் உண்டு. அதனால் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் தபாலில் போகாத மின்ட் ஷீட்டுகள். மலிவாகக் கிடைக்கும். முதலீடு என்று சொல்லி யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? மாறிப்போன கொடிகளுக்காக. 1980 வெனிசுவேலாவில் ஏழு நட்சத்திரம், 2006-இல் எட்டாயிற்று. 1980-இலேயே வந்த ருவாண்டா கொடியின் நடுவில் பெரிய ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். 2001-இல் கொடியே மாறிவிட்டது. 1981-இல் சோவியத் உக்ரைனின் சிவப்பு-நீலக் கொடி. 1980 யூகோஸ்லாவியாவில் நடுவே சிவப்பு நட்சத்திரம்; 1943-இல் அமெரிக்கா அச்சிட்ட யூகோஸ்லாவியாவில் அது இல்லை, மன்னராட்சிக் கொடி. இப்போது அந்த நாடே இல்லை. இப்படிப் பொறுக்கி எடுத்த ஷீட்டுகள் போதும். முழு வரிசைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு வாங்கித் தருவதானால் அமெரிக்காவின் 4 சென்ட் ஸ்டாம்ப் மூன்று: 1957-இல் 48 நட்சத்திரம், 1959-இல் 49, 1960-இல் 50. மூன்றும் ஜூலை 4 வெளியீடு. அலாஸ்காவும் ஹவாயும் மாநிலமான கதையைப் பிள்ளைகள் நட்சத்திரத்தை எண்ணியே கண்டுபிடிப்பார்கள்.

வாங்கும் வரிசை என்று கேட்டால்: முதலில் அமெரிக்காவின் அந்த 13. கோடிக்கணக்கில் அச்சிட்டதால் மலிவு, சீக்கிரம் முழுமையாகும். முழுமையான ஒரு செட் கையில் இருந்தால் உற்சாகம் தானாக வரும். அடுத்து 3½ அணா, அவசரப்படாமல், வெள்ளைப் பட்டையைப் பார்த்து. அதற்குப் பிறகு சிலோன் 1949, அதோடு சேர்த்து ஐ.நா. 1981 இலங்கை. மற்ற ஐ.நா. ஷீட்டுகள் கடைசியில். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் எதையும் வைக்காதீர்கள், ஸ்டாம்ப்பைச் செருகி வைக்கும் ஸ்டாக் புக்கை நிற்க வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை மின்விசிறிக்குக் கீழே திறந்து வையுங்கள்.