வாட்டா ஜிஎஸ்டியா: ரெண்டுலயும் செருப்பு வித்தவன் சொல்றேன்

2025 செப்டம்பர்ல செருப்புக்கு வரி கொறஞ்சப்போ லாங்கு பஜார் கடையில நானும் பையனும் டப்பா டப்பாவா புது வெலை ஸ்டிக்கர் ஒட்டினு இருந்தோம். 850 ரூபா செருப்பு 797க்கு வந்துச்சு. மச்சான் வந்து “ஜிஎஸ்டிய திட்டினே இருப்பியே, இப்போ இன்னா சொல்ற”ன்னாரு. அவருக்கு சொன்ன பதிலுதான் இது.

மொதல்ல ஒத்துக்கறேன், 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்போ அது வேணும்னு சண்டை போட்ட ஆளு நான். வாட்டுன்னா ஜிஎஸ்டிக்கு முன்னாடி மாநிலம் போட்டுனு இருந்த விற்பனை வரி. அந்த வாட் காலத்துல ஆக்ராலருந்து சரக்கு எடுத்தா விக்கறவருக்கு சி ஃபார்ம்னு ஒரு சீட்டு குடுக்கணும், அப்பதான் சிஎஸ்டி, அதான் வெளி மாநில சரக்கு மேல போடற வரி, 2 சதவீதத்தோட நிக்கும், அந்த 2 சதவீதமும் திரும்ப வராது, பார்டர் செக்போஸ்ட்ல லாரி நின்னுட்டா தீபாவளி வியாபாரமே பூடும். இப்போ ஈ-வே பில்லுன்னு சரக்கு சீட்ட ஆன்லைன்ல போட்டா வண்டி நேரா வந்துடுது, வெளி மாநிலத்துல வாங்கறப்போ குடுத்த வரிக்கும் கிரெடிட் இருக்கு, நாம கட்டற வரில கழிச்சுக்கலாம். இதுல ஜிஎஸ்டிதான், பேச்சே இல்ல. ரிட்டர்ன் தொல்லை ரெண்டுலயும் தொல்லைதான்.

நான் வாட் பக்கம் சாஞ்சது ஒரே விஷயத்தால. வரி தப்பா இருந்தா யாருகிட்ட போயி கேக்கறது?

வாட்ல செருப்புக்கு எவ்ளோன்னு முடிவு பண்றது கோட்டை. சங்கத்துல மனு எழுதி மந்திரிய பாக்கலாம், கேக்கலன்னா எலக்‌ஷன்ல ஓட்டு கேட்டு வருவாங்க இல்ல, அப்போ புடிக்கலாம். ஜிஎஸ்டில முடிவு பண்றது கவுன்சிலு, அதாவது சென்டர் மந்திரியும் எல்லா மாநில மந்திரிங்களும் உக்கார்ற சபை. அதுல ஓட்டெடுப்புன்னா சென்டருக்கு மூணுல ஒரு பங்கு, மாநிலம் எல்லாத்துக்கும் சேத்து மிச்சம் ரெண்டு பங்கு, ஆனா முடிவு பாஸாவ நாலுல மூணு பங்கு வேணும். எல்லா மாநிலமும் ஒண்ணா நின்னாலும் நூத்துக்கு 66 சொச்சம்தான், 75 வராது. சென்டர் வேணாம்னா வேணாந்தான். சென்டரும் தனியா ஒண்ணும் கிழிக்க முடியாது, எல்லாரும் ஓட்டு போட்டா ஒரு 20 மாநிலமாவது கூட வரணும், அது நியாயந்தான். ஆனா நம்ம ஓட்டுக்கும் பாண்டிச்சேரி ஓட்டுக்கும் ஒரே வெயிட்டு.

2021 டிசம்பர் 31 ஞாபகம் இருக்கா? மறுநாள்லருந்து துணிக்கும் 1000 ரூபா வரைக்கும் இருக்கற செருப்புக்கும் வரி 5 சதவீதத்துலருந்து 12ஆ ஏறணும். குஜராத்துலருந்து தமிழ்நாடு வரைக்கும் துணிக்காக கத்துனாங்க, அன்னிக்கே கூட்டம் போட்டு துணிய நிறுத்தி வச்சாங்க. செருப்பு ஏறிடுச்சு. துணி பண்ற திருப்பூர் தப்பிச்சுது, செருப்பு பண்ற ஆம்பூர் மாட்டிக்கிச்சு. 420க்கு குடுத்த ஸ்கூல் ஷூவ 448ன்னு சொல்லி நான் பட்ட பாடு இருக்கே! இப்போ கொறச்சத மூணேமுக்கா வருஷம் கழிச்சு கொறச்சிருக்காங்க, அவ்ளோதான்.

பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளிய இருக்கு. 2021 ஆகஸ்டு பட்ஜெட்டுல தமிழ்நாடு தன் வரியில லிட்டருக்கு 3 ரூபா கொறச்சுது, யாரயும் கேக்காம. செருப்புக்கு அந்த மாதிரி பண்ண முடியுமா? கவுன்சில் சொல்றது வெறும் பரிந்துரைதான், கட்டுப்படுத்தாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு, சரி, அத நம்பி தனியா வரி வச்ச மாநிலம் எங்க?

இது கடைக்காரன் கணக்கு. ஆம்பூர், ராணிப்பேட்டைல எக்ஸ்போர்ட் பண்றவங்க ரீஃபண்டு சமாச்சாரம் நான் பாத்தது இல்ல, அவங்க ஜிஎஸ்டியே மேலுன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன். மச்சான் கிட்ட மட்டும் வருவேன், அன்னிக்கு ஒரு ஸ்டிக்கர் கூட ஒட்டித்தராம டீய குடிச்சிட்டு போனாரு.