ஒரு கிட்டார் நெக்குக்காக நான்கு மாதம்

"இதுக்கா இத்தனை நாள் தவம் கிடந்தே? உலக்கை மாதிரி இருக்கு" என்றார் அம்மா, நீளமான அட்டைப்பெட்டியைப் பிரித்ததும். விலையை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

என்னுடையது ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டார், கல்லூரி முடித்த வருடம் வாங்கியது. வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கம். ஏழெட்டு மழைக்காலம் பார்த்ததில் நெக், அதாவது தந்திகள் ஓடும் நீளக் கழுத்து, முறுக்கிக்கொண்டது. உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பி முன்னும் பின்னும் வளைவதைத்தான் சரிசெய்யும், முறுக்கை ஒன்றும் செய்யாது. நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளும் உப்புக்காற்றில் பச்சை பூத்துத் தேய்ந்திருந்தன. அவற்றுக்கு நிக்கல் சில்வர் என்று பெயர், ஆனால் மருந்துக்குக்கூட வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்.

அதனால் அமெரிக்காவில் நெக் செய்து தரும் ஒரு கடையில் ஆர்டர் போட்டேன். வறுத்த மேப்பிள் மரம், விரல் பதியும் மேல் பலகையான ஃபிங்கர்போர்டு ஈட்டியில், அதன் வளைவு 12 அங்குல ரேடியஸ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட். மேப்பிளைக் காற்றுப் படாமல் சூளையில் சூடாக்கி எடுத்தால் அது ஈரத்தைக் குடிப்பது குறைகிறது, நிறமும் கருப்பட்டிபோல மாறிவிடுகிறது. ஈட்டி நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். இங்கிருந்து கப்பலேறிப் போன மரத்துக்கு நான் மறுபடியும் கூரியர் காசு கட்டியிருக்கிறேனோ என்று சில ராத்திரி யோசித்ததுண்டு. 2017 ஜனவரியில் ஈட்டி வகை மரங்கள் எல்லாவற்றையும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். நான் ஆர்டர் போட்டது அதற்கப்புறம் என்பதால் தப்பித்தேன்.

கடைக்காரர்கள் சொன்னது எட்டு வாரம், ஆனது பதினாறு. கேட்டால் "உங்கள் ஆர்டர் வரிசையில் இருக்கிறது" என்று ஒரே பதில், ஒரு எழுத்து மாறாமல். தாமதத்தைவிட, தாமதம் என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் எரிச்சல். கிளம்பிய பிறகு எல்லாம் வேகம். கூரியரில் ஆதார் நகலும் பில்லும் கேட்டார்கள். சுங்க வரியைக் கட்டினேன், மூன்றாம் நாள் கைக்கு வந்தது. வரியைக் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போட்டது என் தப்பு.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனருக்கான துளை அளவு கேட்ட இடத்தில், பழைய மாடல் அழகாக இருக்கிறதே என்று 8.7 மி.மீ. தேர்ந்தெடுத்துவிட்டேன். என் டியூனர்களுக்கு 10 மி.மீ. வேண்டும். பழுது பார்க்கும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "சின்னதா போச்சேன்னு சந்தோஷப்படு தம்பி. பெருசா இருந்திருந்தா மரத்தை எங்கேருந்து ஒட்டுறது?" என்றார். துளையை அகலமாக்கும் ரீமரை ஒவ்வொரு துளையிலும் கையாலேயே மெல்ல மெல்லத் திருப்பினார். நாலு சுற்றுக்கு ஒருமுறை டியூனரை வைத்துப் பார்ப்பார், தூளை ஊதுவார், மறுபடி திருப்புவார். ஆறு துளைக்கு ஒன்றரை மணி நேரம். வறுத்த மரம் சட்டென்று சில்லு விட்டுவிடும் என்பதால் டிரில்லைத் தொடவே இல்லை. கடை முழுக்கச் சர்க்கரை தீய்ந்த வாசனை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. டிரஸ் ராடை இரண்டே முறை, அதுவும் கால் சுற்று, திருப்பியிருக்கிறேன். பழைய நெக்குக்கு ஐப்பசியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை என்று வருடம் தவறாமல் செய்ய வேண்டியிருக்கும். ஃப்ரெட்களில் தந்தி பட்ட தடம்கூட இல்லை. தந்தியை வளைத்து வாசிக்கும்போது விரல் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்குகிறது. ஓசை கொஞ்சம் கணீரென்று ஆனமாதிரி எனக்குத் தோன்றியது. கூட வாசிக்கும் நண்பன் வித்தியாசமே இல்லை என்கிறான், அவன் காதும் நல்ல காதுதான்.

உறுத்துவது நெக்கின் தடிமன் ஒன்றுதான். படத்தைப் பார்த்து பருமனான வளைவைத் தேர்ந்தெடுத்தேன். முதல் மாதம் பார் கார்டு (ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்துவது) பிடித்தால் கட்டைவிரல் அடியில் விண்ணென்று வலிக்கும். இப்போது பழகிவிட்டது, ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் கையை ஒருமுறை உதறிக்கொள்கிறேன். ஆர்டர் போடுமுன் தெரிந்தவர்களின் நாலு கிட்டாரைப் பிடித்துப் பார்த்து, வெர்னியரில் அளந்திருக்கலாம். வெர்னியரை நெக் வந்த பிறகுதான் வாங்கினேன்.