டெங்கியைக் கண்டறிய எது தோது: பெப்டைடா, புரதமா?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மறுபடியும் சிவப்பு டெங்கிப் பதாகை. வட்டாரத்தில் 10 பேருக்கோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: வீட்டிலேயே சோதிக்கும் உணரியைப் புதிதாக வடிவமைத்தால், பெப்டைடில் கட்டுவதா, புரதத்தில் கட்டுவதா?

பெப்டைடு என்பது சில பத்து அமினோ அமிலங்களின் குறுஞ்சரம். 1963இல் வேதியியலாளர் மெரிஃபீல்டு காட்டிய வழியில், அமினோ அமிலங்களை மணிகளைப்போல ஒவ்வொன்றாக இயந்திரமே கோத்துவிடும்; உயிரணு தேவையில்லை. இயற்கையில் இல்லாத மணிகளையும் சேர்க்கலாம். நுனியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்தால் தங்க மின்முனையில் தானே ஒட்டிக்கொள்ளும். பெப்டைடு மிக அழகாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: வெட்டும் நொதிகளைப் பிடிப்பது. ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அணைக்கும் மூலக்கூறு. நொதி சரத்தை வெட்டியதும் ஒளி பிறக்கும். ஆனால் சரம் துவண்டு கிடப்பதால் பிடிமானம் பெரும்பாலும் தளர்வு. இரத்தத்தில் உள்ள வேறு நொதிகளும் அதை மென்றுவிடும். கண்ணாடி பிம்ப அமினோ அமிலங்கள் அதைத் தடுக்கும். வெட்டப்படவேண்டிய இடத்திலோ அவற்றை வைக்க முடியாது.

புரதமோ நீண்ட சரம்; அது மடிந்து, இலக்குக்கேற்ற குழியையே அமைத்துக்கொள்கிறது. 2020இல் இங்குள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் லின்ஃபா வாங் குழு உருவாக்கிய கொவிட் சோதனை, கிருமிப் புரதமும் அது ஒட்டிக்கொள்ளும் மனித ஏற்பிப் புரதமும் சேர்வதை எதிர்ப்பொருள் தடுக்கிறதா என்று, உயிருள்ள கிருமி இல்லாமலே, சுமார் ஒரு மணி நேரத்தில் காட்டியது. அவை இயற்கையிடம் இரவல் வாங்கிய புரதங்கள். 2021இல் அமெரிக்காவின் புரத வடிவமைப்பாளர் டேவிட் பேக்கர் குழு ஒரு படி மேலே போனது: தாழ்ப்பாள் போட்ட புரதத்தைப் புதிதாகவே வரைந்தது. இலக்கு வந்து பற்றியதும் தாழ்ப்பாள் திறந்து ஒளி வரும். சோதனையின் நடுவே கழுவும் வேலை இல்லை. பாக்டீரியாவில் வளர்த்துச் சுத்திகரிக்கும் சிரமம் உண்டுதான். ஆனால் இப்படிப் புதிதாக வரைந்த புரதங்கள் பலவும் கொதிநிலையை நெருங்கும் சூட்டிலும் குலைவதில்லை. நம் ஊர் வெக்கையில் எனக்கு இது பெரிய விஷயம்.

டெங்கிக்கு நான் புரதத்தையே தேர்ந்தெடுப்பேன். டெங்கிக் கிருமிக்கும் வெட்டும் நொதி இருக்கிறது. ஆனால் அது தொற்றிய உயிரணுவுக்குள் வேலை செய்வது. இரத்தத்தில் மிதந்து வருவது என்எஸ்1 என்ற புரதம். பெப்டைடின் சிறந்த வித்தைக்கு அங்கே வேலையே இல்லை. என்எஸ்1ஐ இறுகப் பற்ற வேண்டும். நான்கு டெங்கி வகைகளுக்கும் பொதுவான இடத்தில் பற்ற வேண்டும். 2016இல் இங்கே அல்ஜுனிட் வட்டாரத்தில் பரவிய ஸிக்கா கிருமி டெங்கியின் நெருங்கிய உறவு; அதன் என்எஸ்1ஐ உணரி தொடவே கூடாது.